நன்றியுரை மாதிரி வந்த கேம் விமர்சனம்

சூடான போட்டோக்கொப்பி மெஷினின் வாசம்... அதோடு பக்கத்துக் கடையிலிருந்து வரும், மீன் அடைத்த மாலு பணிஸ் வாசம். கொட்டாஞ்சேனையில் அன்ரனி அண்ணையின் கொமினிகேஷன் கடை எனக்கு இப்படித்தான் ஞாபகம் வரும்.

நான் அப்போது பக்கத்துப் பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்ப வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறுமுன் வினாத்தாள் பிரதி எடுக்க அங்கே போவேன். அண்ணை துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடையில் நாலைந்து கணினிகள் இருந்தன. ஆட்கள் வராத நேரத்தில் அவரே ஒன்றின் முன் அமர்ந்து கார் ரேஸ் விளையாடுவார். வளைவு வந்தால் கதிரையோடு சேர்ந்து அவரும் சாய்வார்!

ஒரு நாள் இரண்டு தாள்களை என்னிடம் நீட்டினார். ஒரு வாரப் பத்திரிகையின் கணினிப் பக்கத்துக்கு எழுதிய கேம் விமர்சனம். முன்பு அனுப்பியவை திரும்பி வந்துவிட்டனவாம்.

"இதுவும் திரும்பி வந்தா நான் பேனையத் தொடமாட்டன் டீச்சர். வீட்டில மனிசி இப்பவே சிரிக்கிறா."

வாசித்தேன்.

'பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட வாசகர்களே' என்று தொடங்கியது. கேமை உருவாக்கியவர்களுக்கு நன்றி, இசை அமைத்தவர்களுக்கு நன்றி, கார்களை வரைந்தவர்களுக்கும் நன்றி... மாதா கோயில் திருவிழாவில் வருடாவருடம் நன்றியுரை சொல்பவர் அவர்தான். ஒருவரையும் விடக்கூடாது, ஒருவர் மனமும் நோகக்கூடாது. அந்தப் பழக்கம் அப்படியே தாளில் இறங்கியிருந்தது.

நல்லாயிருக்கு என்று சொன்னால் பொய். சரியில்லை என்றால் அந்த மனிதர் அன்றோடு எழுதுவதை விட்டுவிடுவார். எனக்கோ அந்தக் கேம் எப்படிப்பட்டது என்றே தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"அண்ணை, விளையாடேக்க உங்களுக்கு எங்க கோபம் வந்தது?"

"அதை ஏன் கேக்கிறீங்க! கடைசி ரேஸ் மழைக்குள்ள. சுவரில முட்டினா திரும்ப முதல் ரேஸில இருந்து தொடங்கோணும். கீபோர்ட்டத் தூக்கி எறியப் பாத்தனான்."

"பிறகேன் விட்டிட்டு எழும்பேல்ல?"

மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்து யோசித்தார். "கண்ணாடியில தண்ணி வழியிறது டீச்சர்... அந்த மழைச் சத்தம். முட்டினாலும் அதுக்குள்ள ஓடத்தான் ஆசை."

"இது ரெண்டும் ஏன் இதில இல்லை?"

"கூப்பிட்டுச் சோறு போட்டவனுக்கு உப்புக் கூடிப்போச்செண்டு சொல்லலாமோ?"

"சொல்லலாம். ஆனா எந்தக் கறியில எண்டு சொல்லோணும். எல்லாம் நல்லமெண்டா சமைச்சவரே நம்பமாட்டார்."

"ஐயோ, உங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் பயமாக் கிடக்கு!"

பிறகு என்னையும் இருத்தி விளையாட வைத்தார். முதல் வளைவிலேயே கார் சுவரில். "கார் ஓடத் தெரியாத என்னைப் போல ஆள் இதை வாங்கலாமோ எண்டும் எழுதுங்கோ" என்றேன்.

சிவப்புப் பேனையை நான் எடுக்கவே இல்லை. கேட்ட கேள்விகளைப் பென்சிலால் ஓரத்தில் குறித்தேன். நன்றிகளுக்கு நடுவே ஒரு வரி ஒளிந்திருந்தது: 'ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் லொறிகளுக்கு இடையில் சைக்கிள் ஓடுவது போல இருக்கிறது மூன்றாவது ரேஸ்.' அதன் கீழே கோடு போட்டேன்.

"இந்த வரிக்காக நான் பேப்பர் வாங்குவன் அண்ணை. இப்பிடி இன்னும் கொஞ்சம் வேணும்."

அவர் முழுவதையும் திருப்பி எழுதினார். சில வாரங்கள் கழித்து நான் கடைப்படி ஏறமுன்பே உள்ளேயிருந்து சத்தம்.

"டீச்சர், பேப்பரில வந்திட்டுது! மிச்சமிருந்த நன்றியெல்லாம் வெட்டிப்போட்டாங்கள்... நான் கோபப்பட்டதை மட்டும் ஒரு சொல்லும் தொடேல்ல!"

சிரித்த மனிசிதான் அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாவாம். பத்திரிகையில் அந்தக் கணினிப் பக்கம் நின்றுபோகும்வரை அண்ணை எழுதிக்கொண்டே இருந்தார்.

இன்று அந்தக் கடையில் போன் கவர் விற்கிறார்கள். இணையத்தில் விமர்சனமென்றால் ஐந்து நட்சத்திரம், இல்லாவிட்டால் 'வேஸ்ட்' என்று ஒரு சொல். ஏன் வேஸ்ட் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் துடிக்கும்...

அண்ணை இப்போது மெல்பேர்னில், மகளோடு. எண்பதை நெருங்கியும் கேமை விடவில்லை. எழுதியதை இணையத்தில் போடுமுன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நானும் கேள்வி கேட்டு அனுப்புவேன். அவர் வாசித்ததற்கு அடையாளமாக நீல டிக் இரண்டு விழும். மறுநாள் காலையில் திருத்தமான பதில் வரும்.

அந்தக் கடை நாட்களில் கேள்வியைக் கேட்டுவிட்டு, பஸ்ஸையும் விட்டுவிட்டு, அவர் மேலே மின்விசிறியைப் பார்த்து யோசிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இப்போது வரும் பதில்களும் நல்ல பதில்கள்தான். அந்த யோசிக்கிற முகத்தைத்தான் காணமுடிவதில்லை.