ரெஜினா அக்கா எழுதிய முதல் பத்தி

முதல் ஷிப்ட் முடிந்து ஃபாக்டரி கேட்டில் செல்போனைத் திரும்ப வாங்கியபோது, மகளிடமிருந்து வரிசையாக அழைப்புகள் வந்திருந்தன. கூப்பிட்டேன். “அப்பா, ரெஜினா ஆன்ட்டி போயிட்டாங்க” என்றாள். “எங்கே, கோலாருக்கா?” என்று கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான். அக்கா எங்கே போனாலும் ஏதாவது ஆபீசுக்குத்தான் இருக்கும் என்று பழகிவிட்டது. மகள் அழ ஆரம்பித்தாள். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. காலையில் நெஞ்சு வலி என்றிருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அக்காவை ஏரிக்கரையில் தெரியும். மீதிப் பேருக்கு அவருடைய டைப்பிங் கடையில் தெரியும். நம் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு வீட்டுக்கும் வேலைக்கும் நாம் தமிழில் புலம்பியதையெல்லாம் கன்னடத்தில் மனுவாக அடித்துக் கொடுத்தவர் அவர். அவரைப் பற்றி எழுத, பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்த என்னை ஏன் பிடித்தீர்கள் என்று நம் ஏரிப் பாதுகாப்புக் குழுவில் கேட்டேன். “மத்தவங்க எழுத உக்காந்தா அழுதுடுவாங்க. நீ எழுது” என்றார்கள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நான் குழுவில் சேர்ந்த கதை பெருமைப்படும்படி இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரித் தண்ணீரில் ஸ்கூட்டரை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தேன். மேலே கரையில் நின்று ஒரு அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜினா அக்காதான்.

“இன்னா தம்பி, சோப்பா, ஷாம்புவா?”

“ஷாம்புக்கா” என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே.

“வாசனை இங்க வரைக்கும் வருது. ஏரி ரொம்பி வழிஞ்சா இந்தத் தண்ணி எங்க போவுது தெரியுமா? ஓடையில விழுந்து பாலாத்துக்குப் போவுது. உங்க மாமியாரு ஊரு எது?”

“ஆம்பூரு.”

“அப்ப அந்தம்மாவுக்கும் சேத்துத் தலைக்கு ஊத்திட்டே. நல்ல மருமவன்தான்.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தேன். அடுத்த ஞாயிறு பக்கெட்டுக்குப் பதில் சாக்கோடு போய், கரையோரம் கிடந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கினேன். அன்றிலிருந்து இன்று வரை அதே சாக்குதான், ஆளும் அதே ஆள்தான்.

இனி நான் செய்த பெரிய காரியம். மழையில் கரை ஒரு இடத்தில் அரித்துப் பள்ளமாகிவிட்டது. அக்கா வேலூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் சரிசெய்து அசத்துவோம் என்று, தெரிந்தவர் டிராக்டரில் மண் கொண்டுவந்து கொட்டி, வீட்டுத் திண்ணை மாதிரி மெழுகிவிட்டேன். அதன்மேல் கால் வைத்து நின்று ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினேன். போட்டோ போன அன்றைக்கே அக்கா பஸ் பிடித்து வந்துவிட்டார். ஊருக்குக் கொண்டுபோன பை கூடத் தோளில்தான் இருந்தது.

“சேகரு, இந்த மண்ணு எங்கேருந்து வந்துச்சு?”

“நம்ம சயனைடு மேட்டுலருந்துதான்க்கா. பக்கத்துலயே கீது, நைசாவும் கீது.”

வெளியூர்க்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். தங்கக் கல்லை மாவாக அரைத்து, சயனைடு ஊற்றித் தங்கத்தைப் பிரித்துவிட்டு, மிஞ்சிய கழிவைக் கொட்டிக் கொட்டி மலையாக்கிய மேடு அது. ஆனால் நாம் அதில் சறுக்கி விளையாடி வளர்ந்தவர்கள். கல்யாண போட்டோவும் அதன் மேலேதான் எடுக்கிறோம். பெயரிலேயே சயனைடு இருந்தும் அது விஷம் என்று நமக்கு உறைப்பதில்லை.

அக்கா கத்தவில்லை. “தண்ணியைக் காப்பாத்த வந்து, தண்ணியோரமா இதைக் கொண்டாந்து வெச்சிருக்கியே. இன்னா மனுசன்யா நீ” என்று மட்டும் சொன்னார். பையைக் கீழே வைத்தார், புடவையைத் தூக்கிச் செருகினார், மண்வெட்டியை எடுத்தார். அந்த மண்ணையும் அது பட்ட அடிமண்ணையும் சுரண்டித் திரும்ப மேட்டிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, செம்மண் நிரப்ப எங்களுக்கு மூன்று ஞாயிறு ஆனது.

அதே மழைக்காலத்தில்தான் கழிவுநீர் டேங்கர் வர ஆரம்பித்தது. எல்லாரும் ஷிப்டில் இருக்கும் மத்தியான நேரமாகப் பார்த்து வந்து, குழாயை ஏரிக்குள் விட்டு, ஊர்க் கக்கூசையெல்லாம் திறந்துவிட்டுப் போவார்கள். மடக்கிப் பிடித்தோம். டேங்கர் முதலாளி சிரித்தார். “சயனைடு மண்ணைக் கொட்டின கும்பலு எனக்குப் புத்தி சொல்லுதா? போட்டோவே கீது எங்கிட்ட.” என் போட்டோதான், கால் வைத்து நின்றேனே, அதே போட்டோ.

கோலாரில் அதிகாரியிடம் மனு கொடுப்பது என்று முடிவானது. மேட்டு மண் விஷயத்தை எழுத வேண்டாம் என்று குழுவில் பலர் சொன்னார்கள். அதிகமாகக் கெஞ்சியது நான்தான்.

“அக்கா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கினு இருக்கேன். என் பேரு அதுல வேணாம்.”

“மாப்பிள்ளை மனுவைப் படிச்சிட்டா பொண்ணு பாக்க வரப்போறான்? உக்காரு. நம்ம தப்பை நாமளே சொல்லிட்டா, அவன் கையில இன்னா மிச்சம் கீது?”

எங்கள் குழுவைச் சேர்ந்த சேகர் என்பவர் அறியாமல் கழிவு மண்ணைக் கரையில் கொட்டினார், நாங்களே அதை அகற்றினோம் என்றுதான் மனு தொடங்கியது. இரண்டாம் பத்தியில்தான் டேங்கர் வந்தது. அதிகாரி முதல் பத்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்து, “யாருப்பா சேகர்?” என்று கன்னடத்தில் கேட்டார். எழுந்து நின்றேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. நாங்கள் மனு கொடுப்பதைக் கேள்விப்பட்டுப் பின்னாலேயே வந்திருந்த டேங்கர் முதலாளி, அந்த நேரம் பார்த்துச் செல்போனை நீட்டிக்கொண்டு, “சார், இவங்களே என்ன பண்ணாங்க தெரியுமா” என்று ஆரம்பித்தார். அதிகாரி தாளைத் தட்டிக் காட்டினார். “இங்கேயே எழுதியிருக்காங்களே. நீ கொட்டினதை எப்போ எடுக்கப்போறே, அதைச் சொல்லு.”

டேங்கர் நின்றது. நிரந்தரமாக இல்லை. கொஞ்ச நாளில் ஏரிக்கு அந்தப் பக்கமாக வந்தது. மறுபடி மனு, மறுபடி முதல் பத்தியில் எங்கள் தப்பு ஒன்று. ஒரு தடவை, கரையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போட்ட பேப்பர் கப்பைப் பற்றிக்கூட எழுதினார். “அக்கா, நம்மளை நாமளே ஜெயிலுக்கு அனுப்பிப்போம் போல” என்றேன். “போனா போவோம். அங்க தண்ணி எப்டி கீதுன்னு பாத்துட்டு வரலாம்” என்றார்.

அவரை அடக்கம் செய்த அன்று நாம் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தோம். பெட்டியின் மேல் மண் போட்டுக்கொண்டிருக்கும்போது கரையோர டீக்கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். “சேகரு, டேங்கர் வந்துக்கீது. குழாயை எறக்கிட்டான்.” யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கையில் ஒட்டிய மண்ணோடு கிளம்பினோம். வெள்ளைப் புடவைகள், பாலிஷ் போட்ட ஷூக்கள், அங்கியைக் கழற்றாமல் ஸ்கூட்டரில் போதகர்.

பாதி டேங்க் ஏரிக்குள் போய்விட்டிருந்தது. முதலாளி எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “அக்காதான் போயிட்டாங்களே, இன்னும் இன்னா?” என்றார். நான் ஏதோ வசனம் பேச வாய் திறந்தேன். அதற்குள் வேலூரிலிருந்து வந்திருந்த அக்காவின் தங்கை குழாயின் மேல் ஏறி நின்றுவிட்டார்.

“அவ போயிட்டா. தண்ணி எங்கூருக்குத்தானே வருது? நான் இங்கதான் நிக்கறேன். எவ்ளோ நேரம் ஆவுதோ ஆவட்டும்.”

அவருக்குப் பக்கத்தில் நாங்களும் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர்கள்தான் குழாயைச் சுருட்டினார்கள்.

மறுநாள் மனுவை நான் எழுத உட்கார்ந்தேன். என் கன்னடத்தைப் பார்த்து மகள் தலையில் அடித்துக்கொண்டு திருத்தினாள். எங்கள் குழுவினர் அனைவரும் அன்று ஒரே நேரத்தில் கரையை விட்டுப் போனது எங்கள் தப்பு என்று தொடங்கியிருக்கிறேன். “சாவுக்குப் போனதுமா தப்பு?” என்று குழுவில் கேட்டார்கள். டேங்கர் வந்ததே, தப்புதான்.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்த முதல் பத்தி ஒன்றுதான். இது கையில் இருக்கும்வரை எந்த போட்டோவைக் காட்டியும் யாரும் என்னை வீட்டுக்கு அனுப்ப முடியாது. இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் அடக்கத்துக்கு இரண்டு பேர் வரக்கூடாது. அவர்கள் கரையில் நிற்க வேண்டும்.