தொண்ணூற்றேழில் நின்ற பலகை

மைதானத்துப் பலகைக்காரருக்கு வெட்கம் பிறவிக் குணம். பள்ளியில் கணக்கில் தவறியபோது ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. தன் கல்யாணத்தில் சாப்பாடு பற்றாமல் போனதும் மாப்பிள்ளையே சமையல்கட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். மச்சினன்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து மணப்பெண் பக்கத்தில் உட்காரவைத்தான். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்பதே அவருக்கு வேதம். அந்த நாலு பேர் யாரென்று மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். ஒருத்தர் பெயரைக்கூட அவரால் சொல்ல முடிந்ததில்லை.

புல் வெட்டுவது, சுண்ணாம்புக்கோடு போடுவது, ஆட்ட நாளில் ஏணியில் ஏறித் தகர எண்களைக் கொக்கியில் மாட்டுவது. இதுதான் வேலை. அதனால் ஊருக்கே அவர் 'பலகை'. அணிக்கு இரண்டு கொக்கி. ரக்பியில் நீள்வட்டப் பந்தோடு ஓடி, எதிராளியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. அங்கே எவரும் நூறைத் தொட்டதில்லை. மூன்றாவது கொக்கியைப் பற்றி யாரும் யோசித்ததும் இல்லை.

அந்தப் புல்லிலேயே விழுந்து புரண்டு வளர்ந்த மகள் தேசிய இளையோர் பெண்கள் அணிக்குத் தேர்வானாள். பலகைக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டிலிருந்து ஆட்ட முடிவுகள் வரத் தொடங்கியதும்தான் தலை தொங்கியது. போன இடமெல்லாம் தோல்வி. தோற்றாலும் பரவாயில்லை, ஒரு நாட்டுக்கு எதிராகவும் ஒரு புள்ளிகூட இல்லை.

"மாமா, நம்ம பொண்ணு விளையாடப் போனாளா, முட்டை யாவாரத்துக்குப் போனாளா?" என்றான் மச்சினன், செல்லமாகத்தான். பலகை அதற்கப்புறம் டீக்கடை வழியாகப் போவதையே விட்டுவிட்டார். ஒருநாள் பழைய கூட்டாளி ஒருவர் வழியில் நிறுத்தி, "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டார். "ஏதோ படிக்கிறா" என்றார் பலகை. மகள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

பிறகு, இளையோர் அணி முதல்முறையாகச் சொந்த மண்ணில் ஆட வந்தது, அதுவும் இவருடைய மைதானத்தில்.

"அப்பா, நாங்க ஜெயிக்கப்போறதில்ல. அது எனக்கே தெரியும்" என்றாள் மகள், காலையில் பூட்ஸ் கட்டிக்கொண்டே. "ஆனா ஒண்ணாவது வைக்கணும்னு எல்லாரும் பேசிவெச்சிருக்கோம். பலகையில முட்டை இல்லாம ஒரு போட்டோ, அது போதும்பா."

ஆட்டம் தொடங்கியதும் எதிரணி அடித்து நொறுக்கியது. ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாகப் பலகைக்கு முட்டி கழன்றுவிடும்போல் ஆனது. ஒரு பக்கத்தில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. மகள் அணியின் பக்கத்தில் இரண்டு சைபரும் ஆணி அடித்ததுபோல் அசையவில்லை. தொண்ணூற்றேழு. கடைசி நிமிடங்களில் எதிரணி இன்னொன்று வைத்து, உதையும் போட்டது. ஒலிபெருக்கி "நூற்றுநான்கு" என்றது.

வழி இருந்தது. சைபர், நான்கு மாட்டிவிட்டு, உதிரியாகக் கிடந்த 'ஒன்று' தகரத்தைக் கம்பியால் முன்னால் கட்டினால் முடிந்தது. கம்பிச் சுருள் கையில்தான் இருந்தது. கூட்டத்தைப் பார்த்தார். மச்சினன் தன் கூட்டாளிகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். மகளின் சைபருக்குப் பக்கத்தில் தன் கையாலேயே நூறைக் கட்டித் தொங்கவிடுவதா? உடம்பு கூசியது. ஏணியை விட்டிறங்கிப் பலகைக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டால் கம்பி அறுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் கத்தியது. மறுபடியும் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தார். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. பிறகு, "பலகை! யோவ் பலகை!" என்று கூப்பிட்டார்கள். பெண் குரல்களும் கேட்டன. நூறைப் போடச் சொல்லித்தான் இந்தப் பாடு படுத்துகிறார்கள் என்று இன்னும் குனிந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். எத்தனை நேரம் அப்படி இருந்தாரோ, கையை எடுத்தபோது சத்தம் அடங்கியிருந்தது.

மகள் எதிரே நின்றாள். முகமெல்லாம் சேறு.

"அஞ்சு எங்கப்பா?"

"எந்த அஞ்சு?"

"எங்க அஞ்சு."

அவர் வாளியை விட்டு எழுந்தார்.

"கடைசி நிமிஷம்பா. பதினஞ்சு பேரும் ஒண்ணா முட்டித் தள்ளினோம். எங்க டீம்ல ஒல்லியா ஒருத்தி இருப்பாளே, குண்டூசி, அவதான் அடியில கிடந்து வெச்சா. எந்திரிச்சதும் எல்லாரும் பலகையத்தான் பார்த்தோம். போட்டோக்காரர் அதுக்காகவே காத்துக்கிட்டு நின்னாரு. அவங்க டீம் பொண்ணுங்ககூடக் கூப்பிட்டாங்க." ஜெர்சிக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வெளிச்சம் போகுதுன்னு அப்படியே எடுத்துட்டாரு."

"கம்பி அறுந்து..." என்று ஆரம்பித்தார். மகள் அவர் கையிலிருந்த சுருளைப் பார்த்தாள்.

"நூறு வாங்கினதுக்கு வெட்கப்பட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாங்க படலப்பா" என்று சொல்லிவிட்டு, அணிப் பேருந்தை நோக்கி நடந்தாள்.

பலகை ஏணியில் ஏறினார். ஐந்தை மாட்டினார். எதிரணிப் பக்கம் நூற்றுநான்கையும் கட்டினார். இத்தனை வருஷம் பட்டதையெல்லாம் வெட்கம் என்று நினைத்திருந்தாரே, அதெல்லாம் வெறும் கூச்சம். பெற்ற பெண்ணின் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியாமல் போனதே, இதுதான் வெட்கம். சரியான கணக்கோடு பலகை நின்றபோது மைதானத்தில் பார்க்க ஆளில்லை.

மறுநாள் மச்சினன் செய்தித்தாள் கொண்டுவந்தான். வழக்கமான கிண்டல் இல்லை. மேஜைமேல் விரித்துவைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். பலகையில் தொண்ணூற்றேழு, சைபர் சைபர். கீழே சேறு அப்பிய பதினைந்து பெண்கள். ஒருத்தியும் கேமராவைப் பார்க்கவில்லை. இதோ மாறப்போகிறது என்று எல்லோரும் பாதி திரும்பி அண்ணாந்து பலகையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் மட்டும் ஒரு கையைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் போட்டோக்காரருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "யாரைப் பார்த்து இதுங்க இப்படிச் சிரிக்குதுங்க?"

"என்னைப் பார்த்து" என்றார்.