மான்மவுத் ஜங்ஷனின் ஒரே நாத்திகர்

மான்மவுத் ஜங்ஷனில் நாத்திகர் என்றால் வேலுமணிதான். தாராபுரத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, இங்கேயே தலை நரைத்தவர். யார் பூஜைக்குக் கூப்பிட்டாலும் மனைவி சாந்தாமணியோடு தவறாமல் போவார். ஆனால் கும்பிட மாட்டார். எல்லோரும் கண்மூடி நிற்கையில் இவர் மட்டும் கைகட்டி நிற்பார். அதை நாலு பேர் பார்க்க வேண்டும். அதுதான் அவருக்குப் பிரசாதம்.

மற்ற நேரமெல்லாம் படிப்பு. முன்னூறு, முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில், பைபிளை எழுதியது மனிதர்கள்தான் என்று சொல்லி ஊர்விலக்கானவர்கள், பெயர் போடாமல் ஒளித்து அச்சடித்தவர்கள் எல்லோரும் அவருக்குப் பங்காளிகள்.

"தீர்க்கதரிசி எழுதுனதா சொல்ற பைபிள் புஸ்தகத்துல, அவரு செத்துப்போனத அவரே எப்படீங்க எழுதியிருப்பாரு? அன்னைக்கே கேட்டுப்போட்டாங்க!" என்று பார்க்கிங்கில் ஆளைப் பிடித்துக்கொள்வார். பிடிபட்டவர் கார் சாவியைத் தேடுவார். நூலகத்தில் நடக்கும் தமிழ் வாசகர் கூட்டத்தில் இதையெல்லாம் ஒரு நாள் பேசிவிட வேண்டும் என்பது வேலுமணியின் தீராத ஆசை. கூட்டத்தை நடத்தும் ஹம்சாவோ, "ஸ்கெட்யூல் பாத்துட்டு சொல்றேன் அங்கிள்" என்றே வருஷங்களை ஓட்டினாள்.

போன பௌர்ணமிக்குப் பத்மநாபன் வீட்டில் சத்யநாராயண பூஜை. சாஸ்திரிகள் கதை வாசித்து முடித்தார். வேலுமணி வழக்கம்போல் கைகட்டி நின்றார். அப்போது பத்மநாபனின் மனைவி பர்வதம், மடிசாரோடு மணையில் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்தாள்.

"சாஸ்திரிகளே, ஒரு டவுட். இதுல வர வியாபாரி, ராஜா எல்லாரும் பூஜை பண்ணி கதை கேட்டான்னு வரது. அவா கேட்ட கதை எது? நாம இப்போ கேக்கறது அவா கதைதானே, அது அப்போ நடந்தே முடியலையே!"

சாஸ்திரிகள் சிரித்தேவிட்டார். "நன்னா மாட்டி விட்டேள் மாமி!"

ஹாலே சிரித்தது. ஹம்சா துள்ளினாள். "சூப்பர் ஆன்ட்டி! நெக்ஸ்ட் மன்த் லைப்ரரில இத பத்திப் பேசறீங்களா?"

வேலுமணிக்கு வயிறு பற்றி எரிந்தது. நான் கேட்டால் ஓடுகிற ஊர், இவள் கேட்டால் மெச்சுகிறதா? ஒரு புத்தகம் புரட்டியிருப்பாளா? அதைவிடக் கொடுமை, அது அசல் கேள்வி. இத்தனை பூஜையில் நின்றும் தனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றாது. கதையை ஒரு தடவையாவது காதில் வாங்கியிருந்தால்தானே.

சாஸ்திரிகள் கற்பூரத்துக்குத் தட்டை எடுத்தார். பர்வதம் விடவில்லை. "பிரசாதம் வாங்கிக்காம ஓடினதுக்கு ஒருத்தி ஆத்துக்காரர் கப்பல் முழுகிடுத்தாம். இதெல்லாம் யாரோ பின்னாடி சேத்ததுதானே? வேலுமணி, நீங்க நெறைய படிச்சவர். சொல்லுங்கோ."

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. வாழ்நாளெல்லாம் காத்திருந்த நிமிஷம். ஆமாம் என்றால் போதும். ஆனால் அவளுக்கா ஆமாம் போடுவது?

"அதெப்படீங்க?" என்று வெடித்தார். "பெரியவங்க சும்மா சொல்லி வெச்சிருப்பாங்களா? எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்குமுங்க!"

சாந்தாமணி வாயைப் பிளந்தாள்.

"அப்படிச் சொல்லுங்கோ!" என்று சாஸ்திரிகள் பூரித்துப்போனார். ஆரத்தி காட்டி முடித்ததும் கற்பூரத் தட்டை முதல் ஆளாக வேலுமணியிடம்தான் நீட்டினார். ஹாலே பார்த்துக்கொண்டிருந்தது. வேலுமணி கட்டிய கையைப் பிரித்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.