‘அதாவது’ என்று ஒரு ஜெபம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் எழுதியது என்று தெரிந்ததும் சிலர் பக்கத்தைப் புரட்டப் பார்த்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். இந்தச் சாட்சி சிறியது. அது ஏன் சிறியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

போன வருடம், தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கண்டியில் நான் ஆங்கிலம் படிப்பிக்கும் பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்பு. செயப்பாட்டு வினை நடத்திக்கொண்டிருந்தேன். செய்கிறவன் ஒருவன், செய்யப்படுகிறவன் இன்னொருவன் என்று விளக்கிவிட்டு, “அதாவது…” என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த நிமிடத்தில் நானே செய்யப்படுகிறவன் ஆகிவிட்டேன்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். நான் ‘அதாவது’ என்றால் இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்று அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். அதனால் யாரும் பதறவில்லை. கையிலிருந்து வெண்கட்டி விழுந்து, வாய் ஒரு பக்கம் இழுத்த பிறகுதான் ஒரு பிள்ளை எழுந்து ஓடினாள்.

பக்கவாதம். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். கையும் காலும் மெல்லத் திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. மற்றவர்கள் சொல்வதெல்லாம் விளங்கியது. என்னுடைய சொற்களும் உள்ளேதான் நின்றன, வாசல்தான் அகப்படவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பி வெளியே வந்தது. டொக்டர் பெயர் கேட்டார். “அதாவது” என்றேன். வயது கேட்டார். “அதாவது.” வலிக்கிறதா? “அதாவது.” தமிழில் அன்பு இருக்கிறது, அருள் இருக்கிறது. எனக்கு மிஞ்சியதோ, இன்னொரு வாக்கியம் வரப்போகிறது என்று பயமுறுத்தும் ஒரு சொல்.

சபையிலிருந்து செல்லத்துரை அண்ணன் பார்க்க வந்தார். என் ஜெபங்களின்போது கண்ணைத் திறந்து கடிகாரம் பார்க்கிறவர். “மாஸ்டர், நீங்க இல்லாம ஆராதனை சட்டுனு முடிஞ்சிருது. வீட்டுக்குப் போனா சோறுகூட வேகலை” என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

நான் உடைந்தது அன்றைக்கல்ல. வீட்டுக்கு வந்த முதல் வாரம், என் மனைவி சௌந்தரி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்னங்க, ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா நான் ஒரு ஜெபம் பண்ணிக்கிட்டு வந்தேன். ஆண்டவரே, இந்த மனுசனுக்கு வாய் கொஞ்சம் கொறையணும்னு. கொஞ்சந்தாங்க கேட்டேன். இப்படி மொத்தமா கேக்கலைங்க.”

அடி பைத்தியமே, ஆண்டவர் அப்படிச் செய்கிறவரா என்று சொல்ல வாயைத் திறந்தேன். “அதாவது” என்றேன். ஏதோ குற்றப்பத்திரிகையின் முதல் சொல்லைக் கேட்டதுபோல அவள் தலை இன்னும் குனிந்தது.

இனிப் பாடம் எடுக்க முடியாது, பிரசங்கம் செய்ய முடியாது என்பதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அந்த ஒரு பதிலைச் சொல்ல முடியாததைத் தாங்க முடியவில்லை.

குண்டசாலையில் எங்கள் வீட்டுப் பின்வாசல் படியில் தினமும் பிற்பகல் உட்கார்ந்து ஜெபித்தேன். முன்பெல்லாம் நான் ஜெபிக்கத் தொடங்கினால் நாட்டுத் தலைவர்கள் முதல் ஆலயத்துக் கூரை வரை எதையும் விட்டுவைக்க மாட்டேன். இப்போது கண்ணை மூடி “அதாவது” என்பேன். அவ்வளவுதான். ஆமென்கூட வராது. மீதியை நீரே நிரப்பிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் எங்கள் மேல்மாடி அறையில் குவென் என்றொரு அமெரிக்க அம்மா தங்கியிருந்தார். ஊர் பென்சில்வேனியா. ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. இங்கே ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுக்க ஆறு மாதம் வந்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் ‘போதும்’. சௌந்தரி இடியப்பம் பரிமாறும் வீட்டில் உயிர் பிழைக்க அந்தச் சொல் அவசியம். ஆக, எங்கள் சாப்பாட்டு மேசையில் ‘போதும்’ ஒரு பக்கம், ‘அதாவது’ ஒரு பக்கம்.

நான் எழுதியாவது காட்டட்டும் என்று சௌந்தரி எங்கோ தேடிப் பிடித்து ஒரு கல் சிலேட்டு வாங்கி வந்திருந்தாள். எழுத்தும் வரவில்லை, கிறுக்கல்தான் வந்தது. ஒரு நாள் குவென் அதை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். “எங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது இந்தக் கல்தான்” என்றார், ஆங்கிலத்தில்.

அவருடைய பாட்டனாரின் தகப்பன் வேல்ஸ் நாட்டில் சிலேட்டுக் கல் உடைத்தவர். பென்சில்வேனியாவிலும் அதே கல் இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினார். அவரைப் போலப் பலரும் போனார்கள். போன இடத்தில் ஆலயம் கட்டி, வெல்ஷ் மொழியில் பிரசங்கித்து, நாலு குரலில் பாடினார்கள். அடுத்த தலைமுறை பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் பேசியது. பிரசங்கமும் ஆங்கிலமானது. குவெனுக்கு வெல்ஷில் ஒரு தேநீர்கூடக் கேட்கத் தெரியாது. ஆனால் வருடத்துக்கொரு முறை அந்தக் குடும்பங்கள் கூடி, பாதிக்கு மேல் பொருள் தெரியாமலே, வெல்ஷ் ஞானப்பாட்டுகளைப் புத்தகம் பார்க்காமல் பாடுவார்களாம்.

நான் மொழிபெயர்க்கிற நிலையில் இல்லை. சௌந்தரியே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கிக்கொண்டாள்.

“இந்தியாவுலருந்து கப்பலேறி வந்த நம்ம ஆளுக கதையாட்டமே இருக்கே. அவுங்களுக்குக் கல்லு, நம்மளுக்குத் தேயிலைக் கொழுந்து. என்ன, ஆண்டவர் புண்ணியத்துல நம்மளுக்குப் பேச்சு தங்கிருச்சு” என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து குசினியில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பெந்தெகொஸ்தே ஞாயிறு. சீஷர்கள் பல பாஷைகளில் பேசிய நாள். ஒரு பாஷைக்கும் வழியில்லாதவனாக நான் ஆலயத்தில் நின்றேன். ஓர்கன் ஒரு பழைய ராகத்தைத் தொடங்கியது. சிறுவயதில் நாவலப்பிட்டியில் பாடி வளர்ந்த ராகம். நம்மவர் யாரோ கட்டியது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற குவென் என் கையைப் பிடித்தார். “இது எங்களுடையது!” என்றார். சபை தமிழில் பாட, அவர் வெல்ஷில் பாடினார்.

அப்போது எங்கிருந்தோ ஒரு கட்டைக் குரல் கேட்டது. தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன. பாடுவது நான்தான் என்று தெரிய எனக்கே இரண்டு வரி ஆனது. சௌந்தரி பாட்டை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு சரணமும் பாடினேன். எங்கும் தடுக்கவில்லை. பாட்டு முடிந்தது. ஆனந்தத்தோடு அவள் பக்கம் திரும்பி வாயெடுத்தேன்.

“அதாவது.”

ஆலய வாசலில் குவென் சொன்னார்: “மாஸ்டர், உங்களுக்கும் எங்கள் குடும்ப நோய்தான். பேச்சு வீட்டைக் காலி செய்துவிட்டது. பாட்டு மட்டும் போக மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்து இழுங்கள்.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் சௌந்தரி இதைச் சொன்னாள். பாட்டுக்கு மூளையில் வேறு பாதை உண்டு, அதன் வழியாகப் பேச்சை நடத்திக் கூட்டி வரலாம் என்றார் அவர். மருத்துவத்தில் அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. எனக்கு அதில் ஆட்சேபனை இல்லை. அந்தப் பாதையை முன்கூட்டியே போட்டு வைத்தவரின் பெயரும் எனக்குத் தெரியும்.

பயிற்சி தேத்தண்ணியில் தொடங்கியது. அந்த ராகத்தின் முதல் வரியில் “தேத்தண்ணி வேணும்” என்று பாடினேன். சௌந்தரி கேத்தலை இறக்கி வைத்துவிட்டு அடுப்படியிலேயே முழங்காலில் நின்றாள். ஸ்தோத்திரம் சொல்லி எழுந்தவள், “சீனி எத்தனை கரண்டி? அதையும் பாடுங்க” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் பாடினேன். ஆட்டோவில் ஏறி “குண்டசாலைச் சந்தி” என்று கட்டைக் குரலில் பாடியபோது, தெரிந்த சாரதி திரும்பிப் பார்த்து, “காலையிலேயேவா மாஸ்டர்?” என்று கேட்டார். பாடியே மறுத்தேன். அவர் நம்பவில்லை.

மாதங்கள் போகப் போக ராகம் மெலிந்துகொண்டே வந்தது. ஓகஸ்டில், பெரஹெரா ஊர்வலங்கள் முடிந்து ஊர் அடங்கிய ஒரு பிற்பகல். பின்வாசல் படியில் சௌந்தரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“சௌந்தரி. நீ… தப்பா… ஜெபிக்கல.”

அதில் ராகம் இல்லை. வெறும் பேச்சு. அவள் சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

“அஞ்சு மாசம் கழிச்சு வாயத் தொறந்து, அதுலயும் பிரசங்கமா?” என்றாள். அவள் கண்ணீர் அரிசியில் விழுந்தது. அன்றைய சோற்றில் உப்பு கூட என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடிந்தும் சொல்லவில்லை. கவனியுங்கள், இது என் வாழ்வில் புதிது.

ஊருக்குத் திரும்பும்முன் குவென் அந்தத் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார், தன் ஊர்க் கூட்டத்தில் பாடுவதற்கு. இதையாவது பொருள் தெரிந்து பாடட்டுமே என்று நான் மெதுவாக விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது நிமிடத்தில், “போதும்” என்றார்.

இப்போது சபையில் என் ஜெபம் மூன்றே வாக்கியம். செல்லத்துரை அண்ணன் கடிகாரத்தைத் தேடுவதற்குள் ஆமென் வந்துவிடுகிறது. சௌந்தரி கேட்டதும் கிடைத்தது, நான் கேட்டதும் கிடைத்தது. அவரவர் கேட்ட அளவிலேயே.

நெருக்கத்தில் இருக்கிறவர்களே, ஜெபிக்கச் சொல் வரவில்லையே என்று படிக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். கையில் இருக்கிற ஒரு சொல்லோடு வந்து உட்காருங்கள். அது எவ்வளவு உதவாத சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. என்னுடையதைக் கேட்டுக்கொண்டவர் உங்களுடையதையும் கேட்பார்.

மெல்லத் திரும்பிப் போன வகுப்பிலும் பிரசங்கத்திலும் அந்தச் சொல்லை இப்போது நான் சொல்வதில்லை. அது அவருக்கென்று ஆகிவிட்டது. பிற்பகலில் படியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, அந்த ஒன்றைச் சொல்கிறேன். மீதி அவருக்குத் தெரியும்.