சுடுமணல் நூகரத்னம்

நூகரத்னத்துக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சோறு தின்னும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பாள். சின்ன வயசிலேயே, ஆந்திரக் கடலோர மீனவக் குப்பமான ராளபாலெத்தில் அவளுக்குச் சுடுமணல் என்று பேர் வைத்துவிட்டார்கள். கட்டிக்கொண்ட தானய்யா நேர் எதிர். வலை பின்ன உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பான். "ரெண்டு பேரையும் கலந்து பாதியாப் பிரிச்சிருந்தா ரெண்டு நல்ல மனுசங்க கிடைச்சிருப்பாங்க" என்பாள் அவன் அக்கா குன்னம்மா. பக்கத்து வீடுதான்.

பாலெத்து ஆண்கள் எல்லோரையும் போல தானய்யாவும் வருசா வருசம் மழைக்காலத்தில் குஜராத்துக்கு ரயிலேறுவான். அங்கே பெரிய விசைப்படகுகளில் கூலிக்கு மீன்பிடித்துவிட்டுக் கோடையில் திரும்புவான். படகு கரைக்கு வரும்போதெல்லாம் போன் பண்ணுவான். ஊரில் செல்போன் எடுக்கிற இடம் புயல் காப்பகத்தின் மொட்டைமாடி மட்டும்தான். நூகரத்னம் தினமும் அங்கே ஏறி நிற்பாள்.

அந்த வருசம் சங்கராந்தி கழிந்ததும் பேச்சு நின்றுபோனது. அவன் போன் அணைந்தே கிடந்தது. அங்கேயே வேறொரு படகில் இருந்த ஊர்க்காரன் லோகநாதத்தைக் கூப்பிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கான் மதினி."

"அப்பக் குடு அவன்கிட்ட."

"இப்பப் பக்கத்துல இல்ல."

"எந்தப் படகுல இருக்கான்?"

"சிக்னல் சரியில்ல மதினி" என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கமும் போயிற்று. அடிகுழாயில் ஒருத்தி, "அங்க எவளையாவது சேத்துக்கிட்டிருப்பான்" என்றாள்.

"சேத்திருந்தா அவளையும் கூட்டிட்டு வரேன். எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் குஜராத்துக்குக் கிளம்பத் துணிகளைப் பையில் திணித்தாள். மகளைக் குன்னம்மாவிடம் விட்டாள்.

"பாஷை தெரியாத ஊருடி. எங்க போய்த் தேடுவ?"

"வாயிருக்கு மதினி. வாய்க்குப் புரியலேன்னா கையிருக்கு."

ரயிலில் இடம் கிடைத்தும் பாதி வழி கதவோரம் நின்றே போனாள்.

துறைமுகத்தில் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு படகின் முன்னாலும் போய் நின்று தெலுங்கில் அவன் பேரைக் கூவினாள். பாதிப் படகுகளில் அவள் கரையோரத்து ஆட்கள்தான். எட்டிப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் ஒரு படகுச் சமையல்காரர், "கடல்ல தேடாதம்மா. ஐஸ் கம்பெனில பாரு" என்றார்.

தானய்யா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கொக்கி கைநழுவியது.

"கடலுக்குப் போறதில்லையா?"

தரையைப் பார்த்தபடியே சொன்னான். படகில் கூட இருந்த ஒரிசாக்காரப் பையன், வலை இறக்கும்போது கயிற்றில் கால் சிக்கிக் கடலுக்குள் போய்விட்டான். "நான்தான் காலப் பிடிச்சேன். செருப்பு மட்டும் கையில வந்துச்சு. அப்புறம் படகுல கால வச்சாலே முழங்கால் ஆடுது. நம்ம சாதியில பொறந்துட்டு, கடல்னா பயம்னு எப்படிச் சொல்றது?"

"அதுக்குன்னு பேசாம இருப்பியாய்யா? எனக்குத் தாலி இருக்கா போயிருச்சான்னு தெரியாம அலைஞ்சேன்யா!" என்று ஐஸ் பாளத்தை ஓங்கி உதைத்தாள். கால்விரல் வலித்ததில் அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். வேலைக்காரர்கள் பார்க்கிறார்களே என்ற நினைப்பில்லாமல் அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

திரும்பும் வழியெல்லாம், "முதுகுவலின்னு சொல்லிருவோம்" என்று கெஞ்சினான். அவள் பெட்டியின் ஒரு கதவுக்கும் மறு கதவுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

பாலெத்தில் இறங்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என்னடி ஆச்சு இவனுக்கு?" என்றாள் குன்னம்மா.

"பயந்துட்டான் மதினி. இனிமே கடலுக்குப் போகமாட்டான்."

தானய்யா தலையைத் தொங்கப் போட்டான். கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். குன்னம்மாவின் புருசன் கடலுக்குப் போய் உடம்புகூடக் கரை வரவில்லை. அவள் சிரித்தவளைத் திரும்பிப் பார்த்தாள். "உன் வீட்டு ஆளு கரைக்கு வந்து சேரட்டும், அப்புறம் சிரி" என்றாள். பிறகு, "வாடா தம்பி, கஞ்சி இருக்கு" என்று அவன் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

தானய்யாவுக்கு இறால் குட்டையில் தீனி போடும் வேலை கிடைத்தது. நூகரத்னம் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு டெக்கலி சந்தைக்குப் போக ஆரம்பித்தாள். புருசன் கண்முன்னே இருந்தும் அவளுக்கு மனசு அடங்கவில்லை. முன்பு கவலைக்கு ஒரு திசை இருந்தது. இப்போது அது வீட்டுக்குள்ளேயே சுற்றிற்று. அவன் சாப்பிடாமல் எழுந்தால் கவலை. அதிகம் பேசினாலும் கவலைதான்.

அலை பெரிதாக இரையும் நாட்களில் அவனால் வீட்டில் இருக்க முடியாது. முந்திரித் தோப்பு வழியாகத் தார்ச்சாலையைப் பார்த்து நடக்கத் தொடங்குவான். அவளும் பின்னாலேயே போவாள்.

"நீ எதுக்குப் புள்ள வர்ற?"

"உக்காந்தா எனக்கு அரிக்குது. நீ நட மாமா."

சாலை வந்ததும் நிற்பார்கள். அலைச் சத்தம் அங்கேயும் மெல்லக் கேட்கும். சில நாள் சீக்கிரமே, "சரி, போவோம்" என்பான். சில நாள் பஸ்ஸெல்லாம் போய்த் தீர்ந்த பிறகும் அவன் அசையாமல் நிற்பான், அவளும் கூடவே நிற்பாள்.