மறுபடியும் ஆந்தூரியம் பண்ணைக்கு

கேரளத்தில் ஹர்த்தால் என்றால் பாதி வீடுகளில் பண்டிகை மாதிரிதான். பஸ் ஓடாது, கடை திறக்காது, ஆபீஸுக்குப் போக வேண்டாம். முந்தின நாளே பாலும் காய்கறியும் வாங்கி வைத்துவிடுவோம். அன்றைக்கும் கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவில் நரைத்த தலைகள்கூட மட்டையும் பந்துமாக இறங்கியிருந்தன. யார் எதற்காக அழைத்த ஹர்த்தால் என்பது மறந்துவிட்டது. டெலிபோன் அடித்தது மட்டும் மறக்கவில்லை.

என் மகள் அப்போது தோட்டக்கலைப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். ஒரு பருவம் முழுக்க ஏதாவது தனியார் பண்ணையில் தங்கி வேலை பழக வேண்டும் என்பது கல்லூரி விதி. அவளுக்குக் கிடைத்தது பொன்முடி போகிற வழியில் ஒரு ஆந்தூரியம் பண்ணை. கறுப்பு நிழல்வலை போட்ட நீளமான கொட்டகைகள். உள்ளே மெழுகில் வார்த்ததுபோல் சிவப்புப் பூக்கள். அவற்றைப் பெட்டியில் அடுக்கி விமானத்தில் அனுப்புவார்கள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும்போது அவள் நகக்கண்களில் தேங்காய் மட்டைத் தூள் அடைந்திருக்கும். தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவாள்.

"படிக்க அனுப்பினா கூலிக்காரி மாதிரின்னா வரா" என்று என் மனைவி அங்கலாய்ப்பாள்.

"கூலிக்காரிக்குக் கூலியாவது உண்டும்மா" என்பாள் மகள்.

டெலிபோனில் பேசியவர் பண்ணையின் மேற்பார்வையாளர். மகளுக்குச் சுகமில்லை, வாந்தி, ஜீப்பில் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறோம், உடனே வாருங்கள் என்றார். எப்படி வருவது? ஆட்டோ கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தவர், "கல்லெறிவாளோன்னு பயமா இருக்கு சார்" என்று நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் நடந்தேன். தம்பானூரில் ரயிலிலிருந்து இறங்கியவர்கள் போக வழியில்லாமல் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாளையம் தாண்டியபோது செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பெரிய அரசு ஆஸ்பத்திரியில் அவளை ஒரு கட்டிலில் போட்டிருந்தார்கள். கைகளைப் பஞ்சுத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். விஷத்தை முறிக்கும் ஊசி புத்தியைக் கொஞ்சம் கலக்கும், பிடுங்கிக்கொள்வாள் என்று கட்டியிருக்கிறார்களாம். கட்டிய கைகளாலேயே அவள் காற்றில் எதையோ பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். யார் என்று தெரியவில்லை.

நர்ஸ் என்னை ஓரமாக அழைத்தாள். குரல் இதமாகத்தான் இருந்தது.

"அச்சனாணோ? மோள் மருந்து குடிச்சதாணோ?"

அப்பாவா, மகள் பூச்சிமருந்தைக் குடித்தாளா என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை. அந்த மௌனத்தை அவள் தனக்குத் தெரிந்த மாதிரி எடுத்துக்கொண்டாள். "சாரமில்ல, பரவாயில்ல. இந்த வயசுல இப்படித்தான்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அந்த வார்டில் மற்ற எல்லோரும் உண்மையாகவே குடித்தவர்கள். அவளும் வேறு என்ன நினைப்பாள்?

மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்து அதையே கேட்டார். மகளுக்குத் தெளிவு வந்து, பேச நாக்கு ஒத்துழைத்தபோது, அவளும் முதலில் சொன்னது அதைப் பற்றித்தான்.

"நான் ஒண்ணும் குடிக்கலைப்பா. ஹர்த்தால்தானே, ஒருத்தரும் வரலையே, மருந்தடிக்க யார் இருக்கான்னு உள்ள போயிட்டேன். காலேஜ் நோட்டுக்கு இலை அளக்கற நாள் அது. எல்லாம் ஈரமா இருந்துது. தண்ணி விட்டிருக்கான்னு நெனச்சேன்."

வாசனை வரவில்லையா என்று கேட்டேன்.

"அங்க எப்பவும் அந்த வாசனைதான்பா."

கை முட்டிவரை ஈர இலைகளுக்குள் விட்டு வெகுநேரம் அளந்திருக்கிறாள். மருந்து தோல் வழியாகவே இறங்கியிருக்கிறது.

பண்ணை முதலாளி ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். வளைகுடாவில் பல வருஷம் உழைத்துத் திரும்பி, அந்தப் பணத்தை எல்லாம் பூவில் போட்டவர். நான் கத்துவதற்குத் தயாராக இருந்தேன். அவர் நின்றபடியே மலையாளத்தில் சொன்னார். சாதாரண நாட்களில் லேசான மருந்துதான் அடிப்பார்கள். அடித்த கொட்டகை வாசலில் சிவப்புத் துணி கட்டுவார்கள். காட்டமான மருந்தை ஹர்த்தாலுக்கென்று ஒதுக்கி வைப்பது பண்ணையின் வழக்கம். அன்றைக்குப் பஸ் இல்லை, பெண்கள் யாரும் வேலைக்கு வர மாட்டார்கள், ஒருவருக்கும் கெடுதல் வராது. அங்கேயே குடியிருக்கிற ஆள் விடியலில் அடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். பார்க்க ஆள் இல்லாத நாளில் துணி எதற்கு? அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். புதிதாக வந்தவளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இவ்விட ஹர்த்தாலுக்கா சார் பஞ்சம்?" என்றார். சிரிக்க வேண்டிய வாக்கியம். அவர் கண் கலங்கியிருந்தது. நல்லதுக்கென்று வைத்த ஏற்பாட்டின் மேல் எப்படிக் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆரஞ்சுப் பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மெல்லப் பேசினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கேட்டால் பதில் சொல்லலாம். எதிர்வீட்டு மாமி அவள் தலையைத் தடவி, "போனது போட்டும்டி கொழந்தே. ஒரு கல்யாணம் ஆனா எல்லாம் மறந்துடும், கேட்டியா?" என்றாள்.

"எதை மாமி மறக்கணும்?" என்று மகள் கேட்டாள். மாமி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்துகொண்டாள்.

பண்ணைப் பயிற்சியை அடுத்த வருஷம் வேறு இடத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்கள். அவளை அங்கே திரும்ப அனுப்புவதில்லை என்று நானும் மனைவியும் பேசி முடித்திருந்தோம். அன்று மாலை அதை அவளிடம் சொன்னேன்.

"போகலைன்னா என்ன அர்த்தம் தெரியுமா அப்பா? நான் குடிச்சேன்னு அர்த்தம்."

"ஊர் சொல்றதுக்கெல்லாம் உயிரைக் கொடுக்க முடியுமா?"

"ஊர் கெடக்கட்டும். உங்களுக்கே நிச்சயமா தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ விடுங்கோ. திங்கக்கிழமை போறேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானே கூட்டிக்கொண்டு போனேன். நெடுமங்காடு தாண்டியதும் அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மணிக்கட்டில் கட்டின தடம் இன்னும் இருந்தது. திரும்பிவிடலாம் என்று ஒரு வார்த்தை சொல்வாளா என்று வழி முழுக்கக் காத்திருந்தேன்.

பண்ணை வாசலில் பெண்கள் வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் வேலை குறைந்த பிறகு இங்கே வருகிறவர்கள், நம் தமிழ்தான். அவர்களில் ஒருத்தி இவளைக் கண்டதும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏ பாப்பா, மருந்து குடிச்சிட்டியாமே! எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நல்ல சரக்கா எடுத்துத் தந்திருப்போம்ல?"

நான் குறுக்கே புகப் போனேன். மகள் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தரம்கூடச் சிரிக்காதவள்.

"உங்க சரக்குல பூச்சியே சாகறதில்ல அக்கா. நான் எங்க சாகறது?"

"அடி ஆத்தீ!" என்று அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி இவள் பையை வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி தாடையைப் பிடித்துத் திருப்பி, "முகம் சுண்டிப் போச்சே" என்றாள். ஆஸ்பத்திரிக்கு வெளியே நேராகக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

கொட்டகை வாசலில் மகள் திரும்பினாள். "அப்பா, நின்னுண்டே இருக்காதீங்கோ. பஸ் போயிடும்."

வலைத்திரையை விலக்கி உள்ளே போனாள். கொஞ்ச தூரம்வரை அவள் உருவம் தெரிந்தது, பிறகு கறுப்பு வலையும் இலைகளும்தான். அந்த வாசனை எனக்கு வந்தது. அது என்ன வாசனை, இன்றைக்கு அடித்த மருந்தா பழையதா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அடுத்த பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அதற்கடுத்ததில்தான் ஏறினேன்.

வீட்டில் மனைவி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள போனாளா?"

"போனா."

"சிரிச்ச முகமா இருந்தாளா?"

"சிரிச்சா" என்றேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு மாமி ஜன்னலிலிருந்து, குழந்தை எங்கே என்று கேட்டாள். வேலைக்குப் போயிருக்கிறாள் என்று தெருவே கேட்கும்படி சொன்னேன்.