டெல்டா மாடிக்குப் போன வேட்டி

சனிக்கிழமை காலையில் மகள் மெல்பர்ன் புறநகரான கிரான்பர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, என் பீரோவைத் திறந்து, எட்டு முழ வேட்டி ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு அடுத்த ரயிலுக்கே ஓடிவிட்டாளாம். நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் மனைவி சொன்னாள்.

"தைக்காத வெள்ளைத் துணி வேணுமாங்க. இன்னைக்கு ரெண்டு மணிக்கு ஹாஸ்டல்ல எல்லாரும் அதைத்தான் சுத்திக்கணுமாம். அதுமேல ஏதோ கிரேக்க எழுத்து வேற எழுதணுமாம்."

"யார் சொன்னாங்க?"

"சீனியர்ஸ் சொல்லியிருக்காங்களாம்."

நான் பயப்பட அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தினமும் கிரான்பர்னிலிருந்து போய்வருவது கஷ்டம் என்று மெல்பர்ன் நகரத்துக்குள் ஒரு மாணவர் விடுதியில் சேர்த்திருந்தோம். பதினெட்டு வயதுப் பிள்ளை. கொண்டுபோய் விட்ட நாளிலிருந்தே எனக்கு நிம்மதி இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் இருந்தவன் நான். ராகிங் எப்படி ஆரம்பிக்கும், எந்த இடத்தில் சூடுபிடிக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முதலில் எல்லாரும் இன்ன உடையில் வர வேண்டும் என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

மனைவி பதற்றத்தில் வேலிப் பக்கம் போய், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அன்ரிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது.

"ஓம், ஓம், எனக்குத் தெரியும். அது ஏதோ ஒரு சபை. வெள்ளை உடுத்திக் கொண்டுபோய்த் தண்ணிக்குள்ள அமத்தி எடுக்கிறவை. பிறகு பிள்ளை வீட்டுப் பக்கமே வராது."

உள்ளே வந்த மனைவி, "சபைன்னாகூடப் பரவாயில்லைங்க. நம்ம பக்கம் தைக்காத வெள்ளைத் துணி எதுக்கு எடுப்பாங்க?" என்றாள். சாவு வீட்டில் போர்த்தும் கோடித் துணியைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. "வாயை மூடு" என்று கத்தினேன். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இணையத்தில் தேடினேன். பயந்தவன் போகக் கூடாத இடம் அது. அமெரிக்காவில் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள் இருக்கின்றனவாம். கண்ணைக் கட்டிச் சத்தியம் வாங்குவார்களாம், மரப்பலகையால் அடிப்பார்களாம். அந்த வெள்ளைத் துணிக்கு டோகா என்று பெயராம். அதுவோ ரோமாபுரிக்காரன் உடை. எழுத்து கிரேக்கம், உடை ரோம், கூத்து அமெரிக்கா, வேட்டி என்னுடையது. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அமெரிக்காவில் நடப்பது இங்கே நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மணிக்கு மகளை அழைத்தேன். எடுக்கவில்லை. இரண்டே காலுக்கும் எடுக்கவில்லை. இரண்டரைக்கும் எடுக்கவில்லை. போனைப் பிடுங்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டிக் கார் சாவியை எடுத்தேன். மனைவியும் கிளம்பினாள், வேண்டாம் என்றேன். நான் எதைப் பார்க்கப் போகிறேனோ அதை அவள் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. ஃப்ரீவே முழுக்க, குலதெய்வத்தில் ஆரம்பித்து, வழியில் தெரிந்த தேவாலயம் வரை எல்லாரையும் கும்பிட்டேன்.

விடுதிக்குப் பின்னால் ஒரு புல்வெளி. அறுபது பேர் இருப்பார்கள். டி-ஷர்ட்டுக்கும் அரைக்கால் சட்டைக்கும் மேல் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு, கரண்டியில் முட்டை வைத்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விரிப்பில் டைனோசர் படம்கூட இருந்தது. இதெல்லாம் பிறகு கவனித்தது. அந்த நிமிடம் என் கண்ணில் பட்டது ஒன்றுதான். என் மகள் ஆடாமல் அசையாமல் நின்றாள். நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு சீனியர் பெண் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, என் வேட்டியின் நுனியைக் கையில் பிடித்திருந்தாள்.

"விடு! அவளை விடு!" என்று தமிழிலேயே கத்தினேன்.

நாலைந்து முட்டைகள் விழுந்தன. அந்தப் பெண் பயந்துபோய் இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். ஒரு கையில் ஊக்கு இருந்தது. அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்த வேட்டியை மகளின் தோளில் குத்திவிடத்தான் வந்திருக்கிறாள்.

மகள் என்னைக் கார் நிறுத்தும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, வாட் ஆர் யூ டூயிங்? இது கேம்ஸ் டே. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா எல்லாம் எங்க மாடிங்களோட டீம் பேர். நான் டெல்டா, அவ்ளோதான். வேட்டியில பாக்கெட் இல்ல, அதான் போனை ரூம்லயே வச்சிட்டேன்."

எல்லாம் புரிந்த பிறகும் கார் சாவியை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது.

"ஏம்ப்பா இவ்ளோ பயம்?"

"எங்க ஹாஸ்டல்ல வராண்டாவுல நிக்க வச்சு வேட்டியை உருவுவாங்கம்மா."

"உங்களையா?"

தலையாட்டினேன். பொய்யில்லை. முதல் வருடம் என் வேட்டியை உருவினார்கள். மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

அடுத்த வருடத்தை நான் சொல்லவில்லை. அந்த வருடம் நுனி என் கையில் இருந்தது. ஒல்லியான பையன் ஒருவன், "வேண்டாம்ணே" என்று கும்பிட்டான். நான் சிரித்துக்கொண்டே இழுத்தேன். மறுநாள் அவன் கட்டில் காலியாக இருந்தது. ஒரு வாரம் கழித்து, அவன் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க அவன் அப்பா வந்து அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

மகள் போய் அந்த உயரமான பெண்ணிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் ரொட்டித் துண்டில் சுட்ட சாசேஜ் இறைச்சி வைத்து, வதக்கிய வெங்காயம் போட்டு எடுத்து வந்தாள். எனக்கு அப்படி நடந்ததற்காக வருத்தப்படுவதாக ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்தப் பையனுக்கும் அவன் அப்பாவுக்கும் போய்ச் சேர வேண்டிய வருத்தம் அது. நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இதற்குள் வேட்டி மறுபடியும் அவிழ்ந்திருந்தது. மகள் அதன் நுனியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே கட்டி விடுங்கப்பா."

நுனியை வாங்கினேன், இழுத்துக் கட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னுமா பயம்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.